நாளுக்கொரு வளையமா, நாளுக்கொரு நிறமா? பிள்ளைக் காம்பராச் சுவரில் மண்டலம் வரைவது பற்றி

கேள்வி: முன்பள்ளி ஆசிரியை, தலவாக்கலைப் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். நான் தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் எங்கள் டிவிசனின் பிள்ளைக் காம்பராவுக்கு வெளிப்புறத்தில், மலைக்குப் போகும் பாதையைப் பார்த்தபடி, 14 அடி அகலமும் 9 அடி உயரமும் கொண்ட ஒரு சுவர் வெறுமையாக நிற்கிறது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு முடிந்து கொழுந்தெடுக்கப் போகிறவர்களும், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற தாய்மாரும் அந்தச் சுவரைக் கடந்துதான் நடக்கிறார்கள். அதில் பல நிறங்களில் 4 அடி ஆரமுள்ள ஒரு மண்டலத்தை, அதாவது நடுவிலிருந்து வளையம் வளையமாக விரியும் வட்டச் சித்திரத்தை, வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தோட்ட நிர்வாகத்திடமும் தலைவரிடமும் அனுமதி பெற்றுவிட்டேன்.

படங்கு கட்டி மறைத்து வரைந்து, முடிந்த பிறகு திறந்து காட்டலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அந்தப் பாதையில் நடப்பவர்கள் ஒவ்வொரு நாளும் அதே தேயிலையையும் அதே லயத்து வீடுகளையும் பார்த்துக்கொண்டு போகிறவர்கள். நேற்று இல்லாத ஒன்று இன்று அங்கே இருப்பதை அவர்கள் நாள்தோறும் காண வேண்டும் என்பதற்காகவே நான் இதைத் தொடங்குகிறேன். ஆகவே திறந்த வெளியில், எல்லோருடைய கண் முன்னாலும், நாளுக்குக் கொஞ்சமாக வரையவே விரும்புகிறேன். முன்பள்ளி பகல் 12 மணிக்கு முடிகிறது. அதன் பிறகு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும்.

நடுவிலிருந்து நாளுக்கொரு வளையமாக வெளியே விரித்துக்கொண்டு போவதா, அல்லது கோடுகளை முழுவதும் போட்டுவிட்டு நாளுக்கொரு நிறமாகப் பூசுவதா என்பதே என் முதன்மையான கேள்வி. சுவரில் பழைய சுண்ணாம்பு இருக்கிறது. மாலையில் பனிமூட்டம் இறங்கிவிடும். இவற்றையும் கருத்திற்கொண்டு அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பெயர்ப்பலகை எழுதுபவர், ஹட்டன்

ஆசிரியைக்கு வணக்கம். முதலில் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலைநாட்டில் சுவரோவியங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் வரைந்தவரின் கையால் அல்ல, சுவரின் ஈரத்தால்தான். ஒன்றரை அடிச் சதுரமான ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் இடைவெளியில்லாமல் ஒட்டி, ஒரு மாலையிலிருந்து மறுநாள் காலை வரை, அதாவது 16 மணி நேரமாவது விட்டுவைத்துப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் உள்ளிருந்தே ஈரத்தைத் தள்ளுகிறது என்று அர்த்தம். பின்பக்கத்தில் நீர் வடியும் கானையும் கூரைத் தாழ்வாரத்தையும் சரிசெய்யாமல் அதன்மேல் எந்த விலையுயர்ந்த பெயின்ட்டைப் பூசினாலும் கொப்புளம் கட்டி உரியும். அடுத்து, கறுப்புத் துணியால் சுவரை அழுத்தித் தேயுங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் அந்தச் சுண்ணாம்பைக் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். பாசி பிடித்த இடங்களை வெளிற்றும் தூள் கரைத்த நீரால் கழுவி, நல்ல நீரால் அலசி, சில நாட்கள் வெயில் காணவிட்டு, பிறகு காரத்தைத் தாங்கும் பிரைமர் ஒரு பூச்சு கொடுங்கள். புதிதாகச் சீமெந்து பூசிய திட்டுகள் இருந்தால் அவற்றுக்கு 28 நாட்கள் அவகாசம் வேண்டும்.

இரண்டாவது, வட்டத்தின் அளவு. 9 அடிச் சுவரில் 8 அடி வட்டம் போட்டால் கீழே அரை அடிதான் மிஞ்சும். மழையில் நிலத்திலிருந்து தெறிக்கும் செம்மண் நீர் ஓரடி, ஒன்றரை அடி உயரம் வரை சுவரை அடிக்கும். ஆரத்தை மூன்றரை அடியாகக் குறைத்து, கீழே ஒன்றரை அடி விட்டு, அந்தப் பகுதிக்குக் காவி நிறத்தில் ஒரு பட்டை அடித்துவிடுங்கள்.

மூன்றாவது, நேரம். எங்கள் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் தோறும் இடிமழை. ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரையில்தான் சுவரை நம்பலாம். ஆனால் அந்த மாதங்களில் இரவுக்குளிர் கடுமையானது. சுவர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இமல்ஷன் பெயின்ட் ஒழுங்காகப் படலம் கட்டாமல் பின்னர் தூளாக உதிரும். எனவே நிறம் பூசும் வேலையைப் பகல் இரண்டரை மணிக்குள் முடித்து, பனி விழுவதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் உலர விடுங்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: நாளுக்கொரு நிறம். ஒரே நிறத்தைக் கண்ணளவில் இரண்டாம் முறை கலந்து அதே சாயலைக் கொண்டுவருவது முப்பது வருடம் தூரிகை பிடித்தவனுக்கும் இயலாத காரியம். இமல்ஷன் ஈரத்தில் வெளிறியும் உலர்ந்ததும் ஒரு படி கறுத்தும் தெரிவதால் கலக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. நடுவில் பூசிய நீலம் விளிம்பில் வேறு நீலமாகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. நிலத்தில் கோலமிடும்போது நடுவிலிருந்து வெளியே போகலாம். நிற்கும் சுவரில் வர்ணம் கீழ்நோக்கிச் சொட்டும். மேலிருந்து கீழே வருவதே எங்கள் தொழிலின் ஒழுங்கு. நுனியில் துணிப்பந்து கட்டிய ஒரு கோலைச் சுவரில் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் கையை ஊன்றி எழுதினால், ஈரமான இடத்தில் கை படாது.

பதில்: கோலப்புள்ளி, பண்டாரவளை

ஹட்டன் அண்ணா சுவரைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் சொன்ன ஒவ்வொன்றும் சரி. எங்கள் ஊவாப் பக்கத்தில் மழைக்காலம் வேறு மாதிரி, டிசம்பர், ஜனவரியில் எங்களுக்குத்தான் மழை. ஆனாலும் ஈரம் எங்கும் ஈரம்தான். நாளுக்கொரு நிறம் என்ற முடிவில் மட்டும் நான் அவருடன் உடன்பட முடியாதவளாக இருக்கிறேன்.

நான் அப்படி ஒருமுறை செய்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு பொதுக் கட்டடத்தின் சுவரில், கோடுகளை முழுவதும் போட்டுவிட்டு, முதல் நாள் மஞ்சள் எல்லாவற்றையும், அடுத்த இரண்டு நாட்கள் சிவப்பு எல்லாவற்றையும் பூசினேன். நான்காம் நாள் ஒரு பெரியவர் நின்று பார்த்து, இந்தச் சுவரை யார் பாழாக்கியது என்று மிகுந்த வருத்தத்தோடு கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. சுவரெங்கும் சிதறிக் கிடந்த மஞ்சள் சிவப்புத் துண்டுகள் என் மனத்தில்தான் மண்டலமாக இருந்தன. பார்ப்பவருக்கு அவை கறைகள். பதினோராம் நாளில் படம் கூடிவந்தபோது, அதைப் பார்க்கும் ஆவல் வழிப்போக்கர்களிடம் வற்றிப்போயிருந்தது. தனியறையில் வரைபவருக்கு வேலை முடியும் நாள் ஒன்றே போதும். வழியோரத்தில் வரைபவருக்கு ஒவ்வொரு மாலையும் முடிவு நாள்தான், ஏனென்றால் அன்று கடந்து போகிற ஒருவர் மறுநாள் வராமலே போகலாம். அவர் கண்ட அளவில் அது நிறைவாக நின்றிருக்க வேண்டும்.

நம்மைச் சுற்றியுள்ள மரபுகளைப் பாருங்கள். கேரளத்தில் ஓணத்துக்கு அத்தம் நாளில் சிறியதாகத் தொடங்கும் பூக்களம் திருவோணம் வரை பத்து நாட்கள் விரிந்துகொண்டே போகிறது. எந்த நாளில் பார்த்தாலும் அது பூக்களம்தான், பாதிப் பூக்களம் அல்ல. திபெத்தியத் துறவிகள் மணலால் மண்டலம் அமைக்கும்போது முதலில் கோடுகள் அனைத்தையும் அளந்து வரைந்துகொண்டு, பிறகு நடுவிலிருந்தே வெளிநோக்கி நிறமணலைத் தூவுகிறார்கள். நம் தோட்டங்களில் மாசி வளர்பிறையில் தொடங்கிக் காமனை எரிக்கும் நாள் வரை நடக்கும் காமன் கூத்தையும் நினைத்துப் பாருங்கள். முழுக் கதையும் தெரிந்தவர்கள்தாம் ஒவ்வொரு இரவும் காமன் பொட்டலுக்கு வருகிறார்கள். அந்த இரவுக்குரிய பகுதி அந்த இரவிலேயே நிறைந்துவிடுவதால்தான் வருகிறார்கள்.

ஆகவே நாளுக்கொரு வளையம். நிறச்சாயல் மாறும் என்ற அண்ணாவின் கவலைக்கு வழி இருக்கிறது. ஆரம்பத்திலேயே முழு வேலைக்கும் வேண்டிய அளவை நிறம் நிறமாகக் கலந்து, இறுக மூடும் டின்களில் ஊற்றி, மூடியின்மேல் அதே வர்ணத்தில் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். டின்னைத் தூரிகையால் தொடாமல், அன்றன்றைக்கு வேண்டியதைச் சிரட்டையில் ஊற்றி எடுத்தால் அது நீண்ட நாட்கள் கெடாது.

பதில்: கணித ஆசிரியர், பதுளை

இருவருடைய பதில்களையும் படித்த பிறகு, வடிவியலில் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நாளுக்கொரு வளையம் என்பது கேட்க இனிமையாக இருந்தாலும், சம அகலமுள்ள வளையங்களின் பரப்பு ஒன்றல்ல. 42 அங்குல ஆரத்தை 6 அங்குல அகலமுள்ள 7 வளையங்களாகப் பிரித்தால், அவற்றின் பரப்புகள் 1, 3, 5, 7, 9, 11, 13 என்ற விகிதத்தில் ஏறும். நடு வட்டம் முக்கால் சதுர அடியைச் சற்றே தாண்டும்; ஏழாவது வளையம் பத்துச் சதுர அடிக்கு மேல். முதல் நாள் அரை மணி நேரத்தில் முடிந்த வேலை, கடைசி வளையத்தில் மூன்று நான்கு நாட்களை விழுங்கிவிடும். அந்த நாட்களில் சுவர் மீண்டும் பாதியில் நிற்கும்.

எல்லா வளையங்களுக்கும் சமபரப்புக் கொடுத்தால் தீருமா என்று கணக்கிட்டுப் பார்த்தேன். நடு வட்டத்தின் ஆரம் மட்டும் ஏறத்தாழ 16 அங்குலம் ஆகிவிடுகிறது, கடைசி வளையமோ 3 அங்குல விளிம்பாகச் சுருங்குகிறது. அழகு கெடும்.

எனவே என் யோசனை இது: ஒரு நாளின் வேலையை வளையத்தால் அளக்காமல் சுற்றால் அளவிடுங்கள். ஒரு வளையத்தின் அடிநிறத்தைச் சுற்று முழுவதும் பூசுவது ஒரு நாள். அதன்மேல் இதழ்களைச் சுற்று முழுவதும் எழுதுவது இன்னொரு நாள். இதழ்களுக்கு நடுவே பொட்டுகளை வைத்து முடிப்பது வேறொரு நாள். எந்த நாளிலும் சுற்று மூடாமல் தூரிகையைக் கீழே வைக்கக் கூடாது. அப்போது ஒரு நாளில் பெரும்பாலும் ஒரே நிறம்தான் வேலை செய்யும், ஆகவே ஹட்டன் நண்பரின் ஒழுங்கும் காக்கப்படும். ஒவ்வொரு மாலையும் சமச்சீராக நிற்கும், ஆகவே பண்டாரவளைச் சகோதரி கேட்டதும் கிடைக்கும். ஒரு சுற்றுக்குள் மேலிருந்து தொடங்கி இருபுறமும் கீழே இறங்கினால் சொட்டும் பிரச்சினையும் குறையும். உள் வளையங்களில் நுணுக்கத்தையும் வெளி வளையங்களில் பெரிய, எளிய வடிவங்களையும் வைத்தால் நேரம் ஓரளவு சமப்படும்.

பிரிப்பதில் ஒரு எச்சரிக்கை. 16 பிரிவுகள் எடுப்பீர்கள் என்று எண்ணுகிறேன். 42 அங்குல ஆரத்தில் அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையிலான நேர்தூரம் 16.39 அங்குலம். அதைப் பதினாறரை என்று முழுதாக்கி வட்டத்தைச் சுற்றி அடுக்கிக்கொண்டு வந்தால், கடைசிப் பிரிவு மற்றவற்றைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் அங்குலம் குறுகிவிடும். எனவே அளந்து அடுக்காதீர்கள். தூக்குக்குண்டால் நிலைக்குத்துக் கோட்டை எடுத்து, அதற்குச் செங்குத்தாகக் கிடைக்கோட்டை வரைந்து, பிறகு ஒவ்வொரு கோணத்தையும் கவராயத்தால் இருகூறாக்கிக்கொண்டே போங்கள்: 4, 8, 16. வட்டம் போட நூலைப் பயன்படுத்த வேண்டாம். அது இழுபடும், பனியில் நனைந்தால் இன்னும் மாறும். ஒரு ரீப்பைச் சட்டத்தின் ஒரு முனையில் ஆணியும், 6 அங்குலத்துக்கு ஒரு துளையும் இட்டு, துளையில் பென்சிலைச் செருகிச் சுற்றினால் ஏழு வட்டங்களும் ஒரே மையத்தில் பிசகாமல் வரும்.

பதில்: பெயர்ப்பலகை எழுதுபவர், ஹட்டன்

பதுளை ஐயா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அடிநிறம் ஒரு நாள் முழுதும் உலர்ந்த பிறகு அதன்மேல் இதழ் எழுதுவது வேலைக்கும் நல்லது. நிறத் தெரிவில் ஒன்று சொல்ல வேண்டும். உயரம் 1000 மீற்றர் ஏறும்போது புறஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து வீதம் கூடுகிறது. பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் ஒளிர்நிறங்கள் ஒரு வருடம்கூடத் தாங்காமல் வெளிறும். இரும்பு ஒட்சைட்டிலிருந்து வரும் காவியும் மண்மஞ்சளும் மிக நீண்ட காலம் நிற்கும். அவற்றை அடித்தளமாகக் கொண்டு, நீலத்தையும் பச்சையையும் அவற்றுக்கு நடுவே வைத்தால், அந்தக் காவியே மற்ற நிறங்களை எடுத்துக்காட்டும். மேலே வார்னிஷ் பூச வேண்டாம். ஈரமான சுவர் மூச்சுவிட வழியின்றி எல்லாவற்றையும் சேர்த்து உரித்துவிடும்.

கேட்டவரின் மறுமொழி

நீங்கள் மூவரும் எனக்காக இவ்வளவு நேரம் செலவிட்டதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சுற்று மூடாமல் தூரிகையைக் கீழே வைக்கக் கூடாது என்ற வரியை எழுதி வீட்டில் ஒட்டிவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். நடுவில் ஸ்ரீசக்கரத்தை வைக்கும்படி கோயில் கமிட்டியைச் சேர்ந்த சிலர் அன்போடு கேட்கிறார்கள். பிள்ளைக் காம்பராவுக்குக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள், கீழ்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சில சிங்களப் பிள்ளைகளும் வருகிறார்கள். மேலும், பிள்ளைகள் தாங்களும் பூச வேண்டும் என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

பதில்: சித்திரப் பாட ஆசிரியை, கண்டி

ஸ்ரீசக்கரம் ஒன்றையொன்று வெட்டும் ஒன்பது பெரிய முக்கோணங்களால் 43 சிறு முக்கோணங்களாக அமைவது. அந்த வெட்டுப்புள்ளிகள் மயிரிழை பிசகினாலும் அது ஸ்ரீசக்கரம் ஆகாது என்பதோடு, வரைந்தால் அதற்குரிய வழிபாட்டு ஒழுங்கும் வேண்டும். பாதையோரத் தூசியும் மழைநீரும் படும் சுவர் அதற்குரிய இடமல்ல. கமிட்டியாரிடம் இந்தக் காரணத்தையே பணிவாகச் சொல்லுங்கள். பக்தியோடு கேட்டவர்களுக்கு அது விளங்கும்.

நடுவில் தேயிலைப் பூவை வையுங்கள். கவாத்து வெட்டப்பட்டுக் கொழுந்தெடுக்கும் செடியில் அதை அதிகம் காண முடியாது. ஓரங்களில் வெட்டாமல் வளரவிட்ட மரங்களில் பூத்திருக்கும். வெள்ளை இதழ்களுக்கு நடுவே அடர்ந்த மஞ்சள் கேசரங்களோடு அது இயல்பாகவே ஒரு மண்டலம். எந்த வீட்டுப் பிள்ளையும் அதை அறியும். வெளி வளையம் ஒன்றில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பதினாறு முறை சுற்றி வரட்டும். அந்தச் சுவரைக் கடந்து போகும் தாய்மாரின் விரல்களுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த வடிவம் வேறில்லை. இன்னொரு வளையத்துக்கு, அனுராதபுரத்தில் படிக்கட்டின் அடியில் இருக்கும் அரைவட்டச் சந்திரவட்டக்கல்லில் வரிசையாகச் செல்லும் அன்னங்களைப் போல, ஒரே திசையில் நடக்கும் பறவைகளை எழுதலாம். அங்கே யானை, குதிரை, சிங்கம், எருது நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வரிசை ஓர் அரைவளையமாகவும், கொடியும் அன்னமும் தனித்தனி அரைவளையங்களாகவும் நின்று நடுவிலுள்ள தாமரையில் முடிகின்றன. சுற்று சுற்றாகக் கதை சொல்வதற்கு நம் நாட்டிலேயே கிடைக்கும் மிகச் சிறந்த பாடம் அது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, வட்டத்துக்குள் அவர்களை விடுவதை நான் விரும்பமாட்டேன். அவர்களுடைய கை எட்டுவது வட்டத்தின் கீழ் வளைவுக்கு மட்டும்தான். மேல்பாதி ஒருவருடைய கையாலும் கீழ்பாதி வேறு கைகளாலும் ஆனால் சமச்சீர் உடைந்துவிடும். ஹட்டன் நண்பர் சொன்ன அந்த ஒன்றரை அடிக் காவிப் பட்டையை அவர்களுக்கு முழுவதும் கொடுத்துவிடுங்கள். அதில் நாளுக்கொரு பிள்ளை ஒரு வெள்ளைப் பொட்டு வைக்கட்டும். எத்தனை நாள் ஆயிற்று என்பதைச் சுவரே சொல்லும்.

கேட்டவரின் மறுமொழி

பிள்ளைகள் பொட்டு வைக்கும் யோசனையைப் படித்ததும் என் அம்மாவிடம் சொன்னேன். நாற்பது வருடம் மலையில் கொழுந்தெடுத்தவர் அவர். எத்தனை பொட்டு என்று கேட்டார். தெரியாது என்றேன். மண்டலம் என்று பெயர் வைத்துவிட்டு எண்ணிக்கையை வெளியே தேடுகிறாயே, கும்பாபிஷேகத்துக்குப் பிறகு ஒரு மண்டலம் பூசை நடப்பதில்லையா, 48 நாள் என்று சொன்னார். வட்டத்துக்கும் நாட்கணக்குக்கும் நம் மொழியில் ஒரே சொல் இருப்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

ஏழு வளையங்களுக்குமான சுற்றுகளை எண்ணிப் பார்த்தேன். நடுவிலுள்ள பூவுக்கு நான்கு, உள் வளையங்களுக்கு ஆறு ஆறாக, வெளி இரண்டுக்கும் ஒன்பது ஒன்பதாக வைத்தால் 46 வருகிறது. மழையோ காய்ச்சலோ வந்தால் இரண்டு நாள் கையிருப்பு. தைப்பொங்கலுக்கு மறுநாள் தொடங்கினால் மார்ச் முதல் வாரத்தில் முடியும். ஹட்டன் அண்ணா சொன்ன உலர்ந்த காலத்துக்குள்ளேயே அது அடங்குகிறது. பகல் ஒரு மணியிலிருந்து இரண்டரை மணி வரை நிறம் பூசுவேன். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு எல்லோரும் வரும் நேரத்தில், மறுநாள் சுற்றுக்கான கோடுகளைச் சோக்கால் போடுவேன். முடிந்ததையும் வரப்போவதையும் அவர்கள் சேர்த்தே பார்ப்பார்கள். பண்டாரவளை அக்கா, உங்களுடைய பெரியவர் கேட்டதைப் போல யாராவது கேட்டால் காட்டுவதற்கு, முழுப் படத்தையும் ஒரு தாளில் வரைந்து பிள்ளைக் காம்பராக் கதவில் ஒட்டிவைக்கவும் எண்ணியிருக்கிறேன்.

நடு ஆணிக்கான இடத்தை இன்று அளந்து குறித்துவிட்டேன்: நிலத்திலிருந்து 5 அடி. பொலித்தீன் துண்டை இன்று மாலை ஒட்டியிருக்கிறேன். காலையில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.